ஊரிலேயே ஒரு பட்டம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ரோஸ்பட் என்றொரு ரிசர்வேஷன் இருக்கிறது, லக்கோட்டா பழங்குடி மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய நிலம். நாட்டிலேயே மிக ஏழ்மையான பகுதிகளில் அதுவும் ஒன்று. அந்த மக்கள் 1970-இல் தங்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கினார்கள், பெயர் சின்டே க்ளெஸ்கா. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சின்டே க்ளெஸ்கா என்பது லக்கோட்டா மக்களின் பழைய தலைவர் ஒருவரின் பெயர். 1879-இல் பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக அரசு ஒரு உறைவிடப் பள்ளி திறந்தது. நடத்தியவர் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி. அங்கே பழங்குடி மக்களை இந்தியர் என்றுதான் சொல்வார்கள், பிள்ளைக்குள் இருக்கும் அந்த இந்தியனைக் கொன்றுவிட்டு மனிதனை மட்டும் காப்பாற்ற வேண்டும் என்று பின்னாளில் மேடையிலேயே பேசியவர். வெள்ளைக்காரர்களோடு ஒப்பந்தம் போடவும் வாதாடவும் அவர்கள் எழுத்து தெரிய வேண்டும் என்று நினைத்த இந்தத் தலைவர், தன் பிள்ளைகளையே ஆயிரம் மைலுக்கு அப்பால் அங்கே அனுப்பினார். அடுத்த வருடம் நேரில் பார்க்கப் போனால், பிள்ளைகள் முடி வெட்டப்பட்டு, ராணுவச் சீருடையில், வேறு பெயர்களோடு நிற்கிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே ஞானஸ்நானமும் நடந்திருக்கிறது. அதிகாரிகள் எவ்வளவோ தடுத்தும் கேட்காமல், தன் வீட்டுப் பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். படிப்பு வேண்டும் என்று அனுப்பியவரும் அவர்தான், இந்த விலைக்கு வேண்டாம் என்று திருப்பிக் கூட்டி வந்தவரும் அவர்தான், அதனால் கல்லூரிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, 1970-க்கு வருவோம். இரண்டு வருடம் முன்புதான் நவஹோ மக்கள் அரிசோனாவில் முதல் பழங்குடிக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார்கள். ரோஸ்பட்டில் முன்னால் நின்றவர் ஸ்டான்லி ரெட் பேர்ட் என்ற பெரியவர். முதல் தலைவராக இருந்து கட்டியெழுப்பியவர் ஜெரால்ட் மோஹாட் என்ற உளவியலாளர். சொந்தக் கட்டிடம் கிடையாது, ஊர்க்கூடமோ பழைய அரசு அலுவலகமோ எந்த அறை கிடைத்ததோ அதில் வகுப்பு. சொந்தமாகப் பட்டம் கொடுக்க அங்கீகாரமும் இல்லை, ஆகவே மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பந்தம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகள் அல்ல. முப்பது வயதை ஒட்டியவர்கள், அதிலும் பெண்கள், குழந்தையைத் தனியாக வளர்க்கும் தாய்மார்கள். அவர்களிடம் போய் வெகு தூரம் தள்ளி விடுதியில் தங்கிப் படி என்று சொன்னால் எப்படி முடியும்? குழந்தையை யார் பார்ப்பது, வீட்டுப் பெரியவர்களை யார் பார்ப்பது? அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கல்லூரி வந்ததால்தான் படித்தார்கள்.

1973-இல் லயனல் போர்டோ தலைவரானார். அதே ஊர்க்காரர். 2022-இல் இறக்கும் வரை, ஏறக்குறைய ஐம்பது வருடம், அவரே தலைவர். அதே 1973-இல் ஆறு பழங்குடிக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு அமைத்தன, வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தன, 1978-இல் இந்தக் கல்லூரிகளுக்கு நிதி தரும் சட்டம் வந்தது. ஒரு பழங்குடி மாணவருக்கு வருடத்துக்கு 4,000 டாலர் வரை தரலாம் என்று சட்டத்தில் இருந்தது. எழுதியது ஒன்று, கைக்கு வந்தது வேறு. பல ஆண்டுகள் அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. இன்னொன்று, அந்தக் கணக்கில் பழங்குடி மாணவர்கள் மட்டுமே சேர்த்தி. பக்கத்துப் பண்ணையிலிருந்து வெள்ளைக்கார மாணவர் ஒருவர் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தால் அவருக்காக அந்தச் சட்டத்தில் ஒரு பைசா கிடையாது. அப்படியும் கதவைச் சாத்தவில்லை.

இதையெல்லாம் மீறித்தான் 1983-இல் இளங்கலைப் பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்கினார்கள், 1989-இல் முதுகலைக்கும். பழங்குடிக் கல்லூரிகளில் இரண்டையும் முதலில் எட்டியது இதுதான். 1992-இல் பல்கலைக்கழகம் ஆனது. எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் எந்தப் பாடத்தில் தொடங்கினார்கள் என்பது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்பும் சமூக சேவைப் படிப்பும். அதுவரை வெளியூர் ஆசிரியர்கள் வருவார்கள், சில வருடம் இருப்பார்கள், மாற்றலாகிப் போய்விடுவார்கள். இந்தக் கல்லூரியில் படித்தவர் அதே ஊர்ப் பள்ளியில் வகுப்பெடுக்கிறார், பிள்ளையின் பாட்டியையும் அவருக்குத் தெரியும், வீட்டில் என்ன பிரச்சினை என்பதும் தெரியும்.

அப்புறம் மொழி. ஆல்பர்ட் வைட் ஹாட் என்பவர் லக்கோட்டா பேசியே வளர்ந்தவர், இந்தக் கல்லூரியில் அதைப் பல ஆண்டுகள் கற்பித்து ஒரு பாடநூலும் எழுதினார். உறைவிடப் பள்ளிகளில் வாய் திறந்தால் அடி விழுந்த மொழி, இங்கே தேர்வெழுதி மதிப்பெண் வாங்கும் பாடம். கல்லூரிக்குச் சொந்தப் பண்ணை உண்டு, அதில் காட்டெருமை மந்தையும் இருக்கிறது.

இன்று அமெரிக்காவில் இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். வாஷிங்டனில் பட்ஜெட் போடும்போதெல்லாம் இவர்கள் மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கிறது, போர்டோவும் கடைசி வரை போய்க்கொண்டுதான் இருந்தார். பேச வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி, வணக்கம்.