முதலாண்டுப் பாடத்தை நூலகர் நடத்தட்டும்

அவைத் தலைவர் அவர்களே, மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களே, எனக்கு நூலகத் தொழில் கற்றுக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்று ஆகஸ்ட் 12. இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனின் பிறந்தநாள். கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். முதலாண்டு மாணவர்களுக்கான தகவல் அறிவுத்திறன் பாடத்தை, அதாவது தகவலைத் தேடிச் சரிபார்க்கக் கற்றுத்தரும் பாடத்தைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நாள் இல்லை. எதைக் கற்பிப்பது, எப்படி மதிப்பிடுவது, யார் நடத்துவது என்று மூன்றைச் சொல்ல வந்தேன்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். பாடமே இதுதான்.

முன்பு நான் வேலை பார்த்த கல்லூரியில் ஒரு முதலாண்டு மாணவி மதிய இடைவேளையில் சீட்டோடு வந்தாள். கரிசல் மண்ணைப் பற்றிய நூல் ஒன்று. ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருந்தன. "நாளைக்கு அசைன்மென்ட் சார்." கணினியில் இல்லை. உதவியாளர் ஏணி போட்டு மேல்தட்டிலும் பார்த்தார். கடைசியில் பதிப்பகத்துக்கே போன் போட்டேன். "அப்படி ஒரு புத்தகம் நாங்க போடவே இல்லையே சார்" என்றார்கள். எங்கிருந்தும்மா எடுத்தே என்று கேட்டேன். "சாட்ஜிபிடி சொல்லுச்சு சார். பக்க எண்கூட இருக்கே!" அவள் கண் கலங்கிவிட்டது. அச்சில் இருப்பதெல்லாம் சரி என்று பன்னிரண்டு வருஷம் படித்து வந்த பிள்ளை, அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் இருவரும் உட்கார்ந்து, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இணையத்தில் தரும் ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேட்டைத் திறந்தோம். அதன் துணைநூற்பட்டியலில் இருந்த ஒரு நூல் எங்கள் அலமாரியிலேயே இருந்தது. பின்னட்டைக்குள் ஒட்டிய தேதித் தாளில் ஒரு முத்திரைகூட இல்லை. அவள்தான் முதல் வாசகி.

தீர விசாரிக்கக் கற்றுக்கொடுக்க பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்தக் கல்லூரியை விட்டு நான் வந்த பிறகு அங்கே நூலகர் இடம் காலி. பொறுப்பு வேறு துறை ஆசிரியர் ஒருவரிடம் கூடுதல் சுமையாக இருக்கிறது. மாலை நாலரைக்குப் பூட்டுகிறார்கள். இப்படி வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல பாடத்திட்டம் எழுதினாலும் யார் நடத்துவது?

மதிப்பீட்டைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, குழுவில் பேசுவோம். முதல்வர் அம்மா, முதல் பருவத்திலேயே இந்தப் பாடத்தை வையுங்கள். வாரம் இரண்டு மணி நேரம், நூலகத்துக்குள்ளேயே நடக்கட்டும். கால அட்டவணையில் ஆசிரியர் பெயருக்கான கட்டத்தில் நூலகரின் பெயரை எழுதுங்கள்.