சவரின் அடித்தரை சத்தமிட்டால்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குளியலறையில் சவரின் கீழே அக்ரிலிக் அல்லது ஃபைபர் கிளாஸ் தட்டு பதித்திருக்கும் வீடுகளில், அதன்மேல் கால் வைத்ததும் 'கிரீச்' என்று ஒரு சத்தம் எழுவதுண்டு. ஏறி நிற்பவரின் பாரத்தில் தட்டு வளைகிறது, இறங்கியதும் நிமிர்கிறது என்பதே அதன் பொருள். தட்டுக்கு அடியில் சாந்து முழுமையாக நிரம்பாமல் வெற்றிடம் விடப்பட்டிருப்பதால்தான் அது வளைய இடம் கிடைக்கிறது.

மலையகத்தின் குளிரும் இதில் பங்கு கொள்கிறது. நுவரெலியாவில் விடியற்காலையில் 10 பாகைக்கும் கீழே குளிர்ந்து கிடக்கும் தட்டின்மேல் 40 பாகை வெந்நீர் விழும்போது, அக்ரிலிக் சீமெந்தைவிடப் பல மடங்கு அதிகமாக விரிந்து, விளிம்பில் சுவரோடு உராய்கிறது. ஆகவே, ஆள் ஏறாமல் வெந்நீரை மட்டும் திறந்துவிட்டுக் கவனியுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் விளிம்பில் இருக்கிறது. ஆள் ஏறும்போது மட்டும் வந்தால் அடியில் இருக்கிறது.

இதைக் காதுக்கு ஒரு தொல்லை என்று மட்டும் எண்ணி விட்டுவிட வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். தட்டு வளையும் ஒவ்வொரு முறையும் அதோடு பிணைந்த கழிவுக் குழாயின் மூட்டும் அசைகிறது. நாளடைவில் இறப்பர் வளையம் தளர்ந்து, தண்ணீர் எவர் கண்ணிலும் படாமல் கீழே இறங்கத் தொடங்கும். சமதரையில் கட்டிய வீட்டில் அது பணச் செலவோடு முடியலாம். சரிவை வெட்டி, வெட்டிய மண்ணையே நிரப்பிக் கட்டிய வீட்டிலும், லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டின் பின்புறம் மண் கொட்டி உயர்த்திச் சேர்த்த குளியலறையிலும், அந்தத் தண்ணீர் அத்திவாரத்தின் கீழுள்ள மண்ணையே இளக்கிவிடும். தரையில் தொடங்கிய வெடிப்பு சுவரில் ஏறி, கதவும் நிலையோடு இறுகிப் போயிருந்தால், அது மேசனின் வேலை அல்ல. கிராம உத்தியோகத்தர் ஊடாக, மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.

அத்தகைய வெடிப்பு இல்லையெனில், தட்டைக் கழற்றி மீண்டும் பதிப்பதே நம்பத்தகுந்த வழி. ஓட்டையிட்டு நுரையைச் செலுத்தும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். நுரை விரியும்போது தட்டையே மேலே தூக்கிவிடக்கூடும், அடியில் எங்கே நிரம்பியது, எங்கே நிரம்பவில்லை என்பதும் தெரியாது. விளிம்பிலுள்ள சிலிக்கனைக் கத்தியால் அறுத்து, கழிவுக் குழாயைக் கழற்றி, தட்டை எடுங்கள். 1 பங்கு சீமெந்துக்கு 4 அல்லது 5 பங்கு மணல் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் சாந்தைக் குழைத்து, சிறு குவியல்களாக நெருக்கமாக வையுங்கள். அதன்மேல் ஒரு பொலித்தீன் விரிப்பை இட்டுத் தட்டை அழுத்துங்கள். வெந்நீரில் விரியும் தட்டு சாந்தோடு ஒட்டாமல் நகர அது உதவும். ரசமட்டத்தை வைத்து விளிம்பு மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். நீரோட்டத்துக்கு வேண்டிய சாய்வு தட்டிலேயே வார்க்கப்பட்டிருக்கும். குளிரில் சீமெந்து மெதுவாகவே இறுகும். ஆகவே கொழும்பில் ஒரு நாளில் ஏறி நிற்கிறார்கள் என்றால், இங்கே இன்னும் சில நாட்கள் பொறுத்திருக்க வேண்டும்.

டைல் தரையாயின், கரணையின் மரப் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெறுமையாக ஒலிப்பதன் அடியில், நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் சாந்து வைத்து ஒட்டியிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள். தண்ணீர் புழங்கும் இடத்தில் டைலின் அடிப்பரப்பில் 95 சதவீதமேனும் சாந்து படிந்திருக்க வேண்டும். அவ்வாறு ஒலிப்பவற்றை மட்டும் பெயர்த்து, பழைய சாந்தைச் சுரண்டிவிட்டு, முழுப் பரப்பிலும் டைல் பசை பூசி ஒட்டினால் போதும்.

கடைசியாகச் சிலிக்கன் பூசும்போது, விளிம்பை நன்றாகத் துடைத்து உலர்த்திய பின், தண்ணீர் நிறைந்த வாளிகளைத் தட்டின்மேல் வைத்துவிட்டுப் பூசுங்கள். சிலிக்கன் இறுகும்வரை, அதாவது மறுநாள்வரையேனும், வாளிகளை எடுக்க வேண்டாம். பாரம் ஏறிய நிலையில் இடைவெளி எவ்வளவு அகலுமோ, அந்த அளவுக்கே சிலிக்கன் நிரம்பியிருக்கும். பிறகு ஆள் ஏறினாலும் அது இழுபட்டுக் கிழியாது.

நன்றி, வணக்கம்.