வாலோடு ஒரு பிளக்

வணக்கம். வண்டி வேலையைப் பற்றிப் பேச வானொலியில் கூப்பிட்டதும் எதைப் பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. ஆக்ஸிஜன் சென்சாரைத் தப்பான ஸ்பேனர் போட்டுத் திருகி, அதன் தலையின் ஆறு மூலையையும் மழுங்கடித்துவிட்டு, 'அண்ணே, இதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க' என்று வருகிறவர்கள் எங்கள் பட்டறையில் குறைந்தபாடில்லை. சரியான டூல் கையில் இருந்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சென்சார் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலிருந்து புகை வெளியே வரும் குழாயில், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இரண்டு இருக்கும். முன்னால் இருப்பது புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனைப் பார்த்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அதை வைத்துத்தான் பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று அது முடிவெடுக்கிறது. பின்னால் இருப்பதற்கு, கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கண்காணிப்பதுதான் முக்கிய வேலை. 1976-இல் பாஷ் செய்த இந்த சென்சார் வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. பார்ப்பதற்கு ஸ்பார்க் பிளக் மாதிரியே இருக்கும், ஏனென்றால் இரண்டிலும் இரும்பு உடம்புக்குள் பீங்கான்தான். பிளக் செய்கிற கம்பெனிகளே இதையும் செய்வதில் ஆச்சரியமில்லை. ஆனால் பிளக்கில் வயரைப் பிடுங்கி எடுத்துவிடலாம், இதில் முடியாது. தலையிலிருந்து வயர் வால் போல நீண்டிருக்கும், அதன் நுனியில் கனெக்டர் இருக்கும். அந்த வாலால்தான், தலைமேல் கிண்ணம் போலக் கவிழ்த்து மாட்டும் சாதாரண சாக்கெட் இதற்கு உதவாமல் போகிறது.

கார் சென்சாரில் மரை பெரும்பாலும் 18 மில்லிமீட்டர், தலை 22 மில்லிமீட்டர். பழைய இஞ்ச் செட்டில் 7/8 என்று போட்டிருப்பது 22.2, அதுவும் ஏறக்குறைய பொருந்தும். ஆனால் இறுகிப்போன சென்சாருக்கு அந்த 0.2 இடைவெளி கூட வேண்டாம், சரியான 22-ஐயே தேடி எடுங்கள். பைக்குக்கு இந்த அளவு ஒத்துவராது. 2020-க்குப் பிறகு வந்த, பிஎஸ்-6 என்ற புகை விதிப்படி செய்த பைக்குகளில் இருப்பது சின்ன சென்சார், அதைத் தனியாக அளந்து பார்த்துத்தான் ஸ்பேனர் எடுக்க வேண்டும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த சென்சாரைத் திரும்ப மாட்டப் போகிறேனா, அல்லது புதுசு போடப் போகிறேனா? வண்டியின் கம்ப்யூட்டர் பி0420 என்று கோளாறுக் குறியீடு காட்டினாலே சென்சார் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குறியீடு கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவுதான், புகைக் குழாயில் ஒரு சின்ன கசிவு இருந்தாலும் அது வரும். பி0135 என்றால் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் லைனில் கோளாறு, அது ஃபியூஸாக இருக்கலாம், நம் ஊரில் எலி கடித்த வயராகவும் இருக்கலாம். இதையெல்லாம் பார்த்து, சென்சார் கெட்டதுதான் என்று உறுதியாகிவிட்டால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. வயரை வெட்டிவிடலாம்! வால் போய்விட்டால் முழு வட்டமான, ஆறு முகம் கொண்ட ஆழமான 22 சாக்கெட் நேராக உட்காரும், அதைவிட நல்ல பிடி வேறு எதிலும் கிடையாது. மனசு வராமல் வாலைக் காப்பாற்றிக்கொண்டே, வயர் நுழையப் பக்கத்தில் பிளவு விட்ட சாக்கெட்டில் மல்லுக்கட்டி, கடைசியில் தலையைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். வெட்டுவதற்கு முன்னால் புது சென்சாரின் வயர் நீளமும் கனெக்டரும் பழையதோடு ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரை வெட்ட முடியாது, இதையே திரும்பப் போட வேண்டும் என்றால் பக்கவாட்டில் பிளவு விட்ட சாக்கெட்தான் வழி. கடையில் 'ஆக்ஸிஜன் சென்சார் சாக்கெட்' என்றே கேளுங்கள். அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று உயரமானது, சாக்கெட்டைத் திருப்பும் கைப்பிடியான ராட்செட் மேலே மாட்டும். இன்னொன்று குட்டையானது, வளையம் மாதிரி இருக்கும், ராட்செட் மாட்டும் சதுர ஓட்டை பக்கத்தில் தள்ளி இருக்கும். எது வேண்டும் என்பதை உங்கள் வண்டியில் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கும். மேலே கை போக இடம் இருந்தால் உயரமானது. தலைக்கு மேலே நாலு விரல் இடம்கூட இல்லையென்றால் குட்டையானது. எனக்குக் குட்டையானதுதான் பிடிக்கும், ஏனென்றால் நாம் கொடுக்கும் பலம் தலைக்குப் பக்கத்திலேயே விழுகிறது, சாக்கெட் சாய்வதில்லை. எந்த ஜாதியாக இருந்தாலும் சுவர் தடிமனாக இருப்பதை வாங்குங்கள். பிளவு இருப்பதால் மெல்லிய சாக்கெட் பலம் கொடுத்ததும் வாய் விரியும், விரிந்தால் மூலையை வழுக்கிக்கொண்டு போகும். மலிவான செட்டில் வருபவற்றில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கமும் வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனர்? அது இரண்டே முகத்தைத்தான் பிடிக்கிறது. லேசாக இருக்கும் சென்சாருக்குப் போதும், இறுகியதற்கு வேண்டாம். ரிங் ஸ்பேனர் நல்லது, கனெக்டர் அதன் வழியே நுழையுமானால் தாராளமாகப் போடலாம். காற்றழுத்தத்தில் அடித்து அடித்துத் திருகும் ஏர் கன் மட்டும் கூடவே கூடாது, அது அடிக்கிற அடியில் சென்சாருக்குள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விட்டுவிடும், பிளந்த சாக்கெட்டும் அந்த அடியைத் தாங்காது.

ஒருமுறை கடற்கரை ஓரமாகவே ஓடிய ஒரு கார் வந்தது. உப்புக்காற்றில் சென்சாரும் குழாயும் ஒரே துருவாக ஒட்டிக்கிடந்தன. அப்போது எனக்கு அனுபவம் குறைவு, டபுள் எண்ட் ஸ்பேனரில் பைப் சொருகி இழுத்தேன், மூன்றாவது இழுப்பில் தலை உருண்டையாகிவிட்டது. அப்புறம் குழாயையே கழற்றி இறக்கி, மரையைத் திரும்ப வெட்டி, ஒரு நாள் முழுக்கப் போனது. அந்த வண்டிக்காரர் பொறுமையாகக் காத்திருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் இப்போது இப்படிச் செய்கிறேன். முந்தின நாள் சாயங்காலமே, குழாய் ஆறியிருக்கும்போது, மரை ஓரத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுவேன். மறுநாள் இன்ஜினைச் சில நிமிஷம் ஓடவிட்டு, குழாய் இளஞ்சூடாக இருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு ஆரம்பிப்பேன். அசைந்ததும் ஒரேயடியாகக் கழற்ற மாட்டேன். கால் சுற்று பின்னால், கொஞ்சம் முன்னால், மறுபடி பின்னால். கரகரவென்று சத்தம் வந்தால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் எண்ணெய். அடியில் படுத்து வேலை செய்வதாக இருந்தால் ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைத்துவிட்டே போங்கள், ஏனென்றால் இந்த வேலையில் இழுக்கிற இழுப்பில் வண்டியே ஆடும்.

புதுசு மாட்டும்போது மரையில் ஏற்கெனவே பசை தடவியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும், சூடு தாங்கும் ஆன்டி-சீஸ் பசையை மரையில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள், சென்சாரின் நுனியில் ஒரு துளிகூடப் படக்கூடாது. கிரீஸும் சிலிகான் பசையும் கிட்டேயே வேண்டாம், சிலிகான் ஆவி சென்சாரையே கெடுத்துவிடும். முதல் சில சுற்று கையாலேயே போக வேண்டும். அப்புறம் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், 18 மில்லிமீட்டர் மரைக்கு இறுக்கம் பொதுவாக 40 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் அளவையே வையுங்கள். குட்டை சாக்கெட் போடும்போது அதை ரெஞ்சின் கைப்பிடிக்குச் செங்குத்தாகத் திருப்பி வையுங்கள், நீளமாக நீட்டி வைத்தால் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

கனெக்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்க வேண்டும். வயரை அதற்கான கிளிப்பில் மாட்டி, ஓடும்போது சூடாகும் குழாயில் எங்கும் உரசாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு சாவியைத் திருப்புங்கள். வணக்கம்.