பத்து மணி பஸ்ஸுக்கு ஒரு மாத்திரை

வணக்கம் நேயர்களே. நோயைக் குணமாக்க முடியாது என்று ஆன பிறகும் நோயாளியைக் கடைசிவரை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில், பெரும்பாலும் கூலிக்காரர் வீடுகளில்.

ஒரு பெரியவர். வாய்ப் புற்றுநோய். ஆயுசு முழுக்க வெற்றிலையும் புகையிலையும். கடும் வலியை அடக்கும் மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்று, ராத்திரி படுக்கும்போது மட்டும் இரண்டு என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாகக் கொடுத்தால் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம். அடுத்த வாரம் போகிறேன், மனுஷர் சுருண்டு கிடக்கிறார். மாத்திரைகள் அந்த அம்மாவின் சுருக்குப்பையில் பத்திரமாக இருக்கின்றன!

“தாங்க முடியாதப்ப மட்டும் ஒண்ணு குடுக்கிறேன் டாக்டரம்மா. எல்லாம் தீந்துட்டா அப்புறம் எங்க போறது?”

எனக்குக் கோபம்தான் வந்தது. திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது. ரேஷன் அரிசியை மாசக் கடைசிவரை இழுத்தவர், பசித்தாலும் விதைநெல்லில் கைவைக்காதவர். அவரிடம் போய் ‘வலி இல்லாதபோதும் கொடு’ என்றால்?

மறுநாளே போனேன். “நாத்து வாடுன பிறகா தண்ணி வைப்பீங்க?” என்று கேட்டதும் சிரித்துவிட்டார். சரி, நாலு மணி நேரத்தை எப்படிக் கணக்கு வைப்பது? அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. நான் முழித்துக்கொண்டிருக்க, அவரே சொன்னார். பால்காரர் வரும்போது ஒன்று. பத்து மணி பஸ்ஸுக்கு ஒன்று. மத்தியானம் பள்ளிக்கூட மணிக்கு ஒன்று. விளக்கு வைக்கும்போது ஒன்று. பக்கத்து வீட்டில் கடைசி சீரியல் முடிந்ததும் இரண்டு. உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ‘கடிகாரப்படி கொடுங்கள்’ என்று எழுதியதை அந்தத் திண்ணையில்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். பஸ் வராத நாளில் என்ன செய்தார் என்று கேட்க மறந்துவிட்டேன்.

திரும்பவும் சொல்கிறேன், வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்னால்.

மாத்திரை விலை ஒரு டீ விலையைத் தாண்டாது. மார்ஃபின் அபினிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அந்த அபின் விளைகிற நாடு நம்முடையது. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், மார்ஃபினை வாங்கி வைக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்தன. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் மாறிய அளவுக்கு மனசு மாறவில்லை. ‘பழகிப்போயிடுமே’ என்று வீட்டில் மட்டுமா கேட்கிறார்கள், டாக்டர்களே கேட்கிறார்கள். மருத்துவர் அளவு பார்த்து வலிக்காகக் கொடுக்கும்போது அடிமையாவது அபூர்வம். மலச்சிக்கல்தான் அநேகமாக எல்லோருக்கும் வரும். கூடவே அதற்கும் மருந்து தர வேண்டும். கழிப்பறை இல்லாத வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. வயக்காட்டுக்கு நடக்கப் பயந்து சாப்பாட்டையே குறைத்துக்கொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்பவர் இழக்கும் கூலியைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். புற்றுப்புண்ணின் நாற்றம் தாங்காமல் நோயாளியை மாட்டுக்கொட்டகையில் படுக்க வைக்கிறார்கள். மெட்ரோனிடசோல் என்று ஒரு மலிவான மாத்திரை. அதைப் பொடித்துப் புண்ணில் தூவினால் நாற்றம் நன்றாகக் குறையும். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸிடமும் கேட்கலாம். பெயரை இன்னொரு தடவை சொல்கிறேன், மெட்ரோனிடசோல். வணக்கம்.