சைலன்ட் மியூட்டேஷன் நோயில் எப்படி வருகிறது?

சரி, அடுத்த கேள்வி. "ஜீனில் ஓர் எழுத்து மாறியும் புரதத்தின் அமினோ அமிலம் மாறாத சைலன்ட் மியூட்டேஷனால் கெடுதல் இல்லை என்று படித்தோம். அப்புறம் எஸ்எம்ஏ நோயில் மட்டும் அது எப்படிக் காரணமாகிறது?" என்று ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. ஜீனின் செய்திப் பிரதியான எம்ஆர்என்ஏவின் எழுத்துகளைப் படிப்பது, புரதம் செய்யும் ரைபோசோம் மட்டும் இல்லை. அதற்கு முன்பே, நியூக்ளியஸுக்குள், ஆர்என்ஏவில் ஒட்டும் புரதங்கள் அதைப் படித்துவிடுகின்றன.

எஸ்எம்ஏ என்பது தண்டுவடத்தின் மோட்டார் நரம்பு செல்கள் அழிந்து தசைகள் நலியும் நோய். நமக்கு எஸ்எம்என்1, எஸ்எம்என்2 என்று ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு ஜீன்கள் உண்டு. இந்த நோயாளிகளுக்கு முதலாவது இருக்காது, அல்லது பழுதாகியிருக்கும். இரண்டாவது இருக்கிறதே, அது போதாதா? போதவில்லை. ஜீனில், எம்ஆர்என்ஏவில் சேரும் துண்டுகளுக்கு எக்ஸான் என்று பெயர். 7-வது எக்ஸானின் 6-வது எழுத்து முதல் ஜீனில் சி, இரண்டாவதில் டி. அங்குள்ள மூன்றெழுத்துக் குறியீடு டிடிசி என்றாலும் டிடிடி என்றாலும் ஃபீனைல்அலனின் என்ற ஒரே அமினோ அமிலம்தான். ரைபோசோமுக்கு வித்தியாசமே கிடையாது.

ஆனால் சி இருந்தால் அங்கே எஸ்ஆர்எஸ்எஃப்1 என்ற புரதம் ஒட்டி, எக்ஸான்களை வெட்டி ஒட்டும் ஸ்ப்ளைசிங்கில் அந்த எக்ஸானைச் சேர்க்க வைக்கும். டி வந்தால், அதாவது ஆர்என்ஏவில் யு வந்தால், அதன் பிடி தளர்கிறது. எக்ஸானை ஒதுக்கிவிடும் எச்என்ஆர்என்பி ஏ1 புரதத்துக்கு அதே இடம் தோதாகிவிடுகிறது. இரண்டில் எது முக்கியம் என்று ஆய்வாளர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. இரண்டுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. எப்படியானாலும், எஸ்எம்என்2-வின் பெரும்பாலான எம்ஆர்என்ஏ பிரதிகளில் 7-வது எக்ஸான் விட்டுப்போகிறது. அப்படி உருவாகும் புரதம் நிலைக்காமல் சீக்கிரமே சிதைக்கப்படுகிறது.

மருந்து இதைவிட சுவாரசியம். நூசினெர்சென், 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எச்என்ஆர்என்பி ஏ1 ஒட்டுவதற்குப் பக்கத்து இன்ட்ரானிலும் (ஸ்ப்ளைசிங்கில் வெட்டி எறியப்படும் துண்டிலும்) இடம் உண்டு. ஆர்என்ஏ போன்ற 18 எழுத்து நீளச் சங்கிலியான இந்த மருந்து, பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல, அங்கே முந்திக்கொண்டு ஒட்டிவிடுகிறது. தடுக்கிற புரதத்துக்கு இடமில்லை, எக்ஸான் உள்ளே வந்துவிடும். ஜீனைத் தொடவே இல்லை பாருங்கள்! ரத்தத்தில் செலுத்தினால் மூளை, தண்டுவடத்துக்குள் போகாது என்பதால் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவடத் திரவத்தில்தான் செலுத்துகிறார்கள்.

எல்லா சைலன்ட் மியூட்டேஷனும் இப்படியா என்றால், இல்லை. மாறிய எழுத்து இதுபோன்ற ஒரு புரதம் பிடிக்கும் இடத்தில் விழுந்தால்தான் இந்த வகைச் சிக்கல்.