தீர்ந்த பேட்டரியில் தீர்ந்தது எது?

வணக்கம். டார்ச் மங்கினால், பேட்டரி தீர்ந்துவிட்டது என்கிறோம். எது தீர்ந்தது என்று கேட்டால், உள்ளே இருந்த கரண்ட் என்பார்கள் பலர். எனக்கு வெகுகாலமாக இந்தப் பதிலோடுதான் சண்டை. புது பேட்டரியில் எத்தனை எலெக்ட்ரான் இருந்ததோ, தீர்ந்ததிலும் அத்தனையே இருக்கும். ஒரு முனையில் வெளியே போனது மறுமுனையில் உள்ளே வந்துவிடுகிறது.

செலவாவது சரக்கு. சாதாரண டார்ச் பேட்டரியின் தகட்டுக்குப் பின்னால் இருப்பது துத்தநாகக் குவளை. அதன் ஒவ்வொரு அணுவும் இரண்டு எலெக்ட்ரானை உதறிவிட்டு, அயனியாகி, அதாவது மின்னேற்றம் கொண்ட அணுவாகி, உள்ளே இருக்கும் ஈரப்பசையில் கரைகிறது. பசைக்குள் அயனிகள் நகரும். எலெக்ட்ரானுக்கு அங்கே வழியில்லை. அதனால் அது பல்பைச் சுற்றிக்கொண்டு நடுவிலிருக்கும் கார்பன் குச்சிக்கு வருகிறது. குச்சி வழிதான் விடுகிறது. வாங்கிக்கொள்வது அதைச் சுற்றியுள்ள கறுப்புத் தூள், மாங்கனீசு டை ஆக்சைடு. மறுபடி சொல்கிறேன்: வெளியே எலெக்ட்ரான், உள்ளே அயனி. இரண்டில் ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். குவளை அரித்து ஓட்டையானால் பசை கசியும், அதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதில் பெரிய பெரிய ஆட்களே குழம்பியிருக்கிறார்கள். இத்தாலியில் கால்வானி என்ற மருத்துவர், செத்த தவளையின் காலை இரண்டு உலோகங்களால் தொட்டார், கால் துடித்தது. மின்சாரம் தவளையுடையது என்று 1791-இல் எழுதினார். அதே நாட்டு இயற்பியலாளர் வோல்டா ஒப்புக்கொள்ளவில்லை. தவளையை விடுங்கள், உலோகம் இரண்டு வகையாக இருப்பதைப் பாருங்கள் என்றார். சொன்னதோடு நிற்காமல் துத்தநாக வட்டு, வெள்ளி வட்டு, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கி, 1800-இல் தொடர்ந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். தவளை தோற்றது! ஆனால் வேடிக்கை இனிமேல்தான். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்று வோல்டா நம்பினார். கண்ணெதிரே துத்தநாகம் அரித்துக்கொண்டிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை. அந்த அரிப்புதான் மின்சாரத்துக்கு அவர் கொடுத்த விலை.

சின்னதோ பெரியதோ, இந்த வகை செல் எல்லாம் 1.5 வோல்ட்தான். அதைத் தீர்மானிப்பது எந்தப் பொருள்கள் என்பது, அளவு அல்ல. பெரியதில் சரக்கு அதிகம், அதிக நேரம் ஓடும், அவ்வளவே.

ரீசார்ஜ் பற்றி நிறையக் குறித்து வந்தேன், நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: சார்ஜர் எலெக்ட்ரானை எதிர்த்திசையில் தள்ளுகிறது, கரைந்தது திரும்பிப் படிகிறது. லித்தியம் பேட்டரியில் அயனிகள் கிராஃபைட் என்ற கார்பன் அடுக்குகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண டார்ச் பேட்டரியை மட்டும் சார்ஜரில் போடாதீர்கள். துத்தநாகம் பழையபடி படியாது, உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். நன்றி, வணக்கம்.