நீரில் ஊறுவதும் நெருப்பில் மணப்பதும்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் பிசினைப் பற்றிப் பேச ஜிகர்தண்டாவை விட்டால் வேறு நல்ல தொடக்கம் ஏது? டம்ளரின் அடியில் வழவழவென்று கிடக்கிறதே பாதாம் பிசின், அது மரப்பட்டையிலிருந்து வடிந்து காய்ந்தது. ராத்திரி இரண்டு துண்டு ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும். சரி, சாம்பிராணியும் மரத்தில் வடிவதுதானே, அதை ஊறப்போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் ஆனாலும் அப்படியே கிடக்கும்.

வகுப்பில் நான் ஓயாமல் சொன்னது இதைத்தான். பிசின் தண்ணீரில் ஊறும், தணலில் கருகும். சாம்பிராணி, குங்கிலியம் போன்றவை தண்ணீருக்கு மசியாது. சாராயத்தில் கரையும், தணலில் உருகி மணக்கும். தண்ணீரா, தணலா என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

பெருங்காயம் இரண்டும் கலந்தது. தண்ணீரில் கரைத்தால் பால் போல வெளுக்கிறதல்லவா? உள்ளே இருக்கும் பிசின், மணமுள்ள பகுதியைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிடித்து வைத்திருப்பதால்தான். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் ஒரு செடியின் வேரைக் கீறி எடுப்பது அது. 2020-இல் இமாசலத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கடையில் நாம் வாங்குவதில் மாவும் பிசினும் சேர்ந்திருக்கும்.

குங்கிலியத்துக்கு வருகிறேன். திருக்கடவூர்க் குங்கிலியக்கலய நாயனார் வீட்டில் ஒரு நாள் அடுப்பெரிய வழியில்லை. மனைவி தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வாருங்கள் என்றார். எதிரே குங்கிலியப் பொதியோடு ஒரு வணிகர் வந்தார். தாலியைக் கொடுத்துப் பொதியை வாங்கிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்விட்டார் நாயனார்! நம் வீட்டில் நடந்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். எனக்குப் பிடித்தது அந்தப் பொதிதான். மரத்தில் வடிந்த சரக்கு அன்றைக்கே மூட்டை மூட்டையாக ஊர் ஊராகப் போயிருக்கிறது, பாருங்கள்.

நம் மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் சுமத்ராச் சாம்பிராணி கேட்டு வாங்கி, ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறத்துக்கு நடுவே பால்வெள்ளைத் துண்டுகள் பதிந்திருக்கும். கம்ப்யூட்டர் சாம்பிராணியில் பெரும்பாலும் கரித்தூளும் வாசனையும்தான். இதைச் சொன்னால் என் மகளுக்கே கோபம் வருகிறது. குளிப்பாட்டிய கைக்குழந்தைக்குப் புகை போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நல்ல சாம்பிராணியானாலும் புகை புகைதான், பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் அப்படியே.

மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் பென்சாயின் இதே சாம்பிராணியைச் சாராயத்தில் கரைத்ததுதான். ஆவி பிடிக்கச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பிளாஸ்டர் நன்றாக ஒட்டத் தோலில் தடவுவதும் உண்டு. சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் இருக்கிறது. அதை வைத்தியரைக் கேட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரமாகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். பைன் மரத்தை விரிவாகச் சொல்ல நினைத்தேன். அதில் வடிவதைக் காய்ச்சினால் ஆவியாகிப் பிரிவது டர்பன்டைன்; மிஞ்சுவது ரோசின், வயலின் வில்லில் தேய்ப்பது. அந்த டர்பன்டைனிலிருந்துதான் இன்று கடையில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி தயாராகிறது. பெரு பால்சம், கனடா பால்சம் என்று மரத்தில் வடியும் மற்றவையெல்லாம் இன்னொரு நாளைக்கு. வணக்கம்.